சரியுது மாஸ்டர்

பதுளைக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் மாதம், 1948இல், தர்மராசா மாஸ்டர் வகுப்பில் மேலே சுண்டிய ஐம்பது சத நாணயக் குத்தி கீழே வரவில்லை.

மேல் வகுப்புக்கு அன்று வாய்ப்புக் கணக்குப் பாடம். குத்தியைச் சுண்டினால் தலை விழும், இல்லாவிட்டால் பூ விழும், மூன்றாவது என்று ஒன்று இல்லை என்று கரும்பலகையில் எழுதி, அடிக்கோடும் போட்டு, அதை மெய்ப்பிப்பதற்காகத்தான் சுண்டினார். பள்ளிக்கூடம் பழைய கட்டடம். உள்கூரைப் பலகைகள் மழையில் ஊறி ஊறி இடைவெளி விட்டிருந்தன. குத்தி நேரே போய் இரண்டு பலகைகளுக்கு நடுவில் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டது. இருபத்தெட்டு மாணவர்களும் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள். மாஸ்டரும் ஏந்திய கையோடு சற்று நேரம் நின்றார். கடைசியில் முன்வாங்கில் இருந்த ஒருவன் எழுந்து, "சேர், தலையா பூவா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டான்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு இன்னொரு குத்தியை எடுத்திருப்பார்கள். மாஸ்டரிடம் இன்னொரு குத்தி இருக்கவில்லை. அதனால்தான் தான் சிந்தனையாளன் ஆனதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லிக்கொள்வார்.

அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது மனைவி கமலாதேவியிடம் கேட்டார்: "தலையும் இல்லை, பூவும் இல்லை எண்டால் அதைக் கணக்கிலை என்னெண்டு எழுதுறது?"

"குத்தி துலைஞ்சுபோச்சு எண்டு எழுதுங்கோ" என்றாள் கமலாதேவி.

மாஸ்டர் அப்படி எழுதவில்லை. 'அரிதாக நிகழ்வன பற்றிய ஆராய்ச்சி' என்று ஒரு தாளின் தலைப்பில் எழுதினார். அடுத்த ஒன்பது வருடமும் அந்தத் தலைப்புக்குக் கீழேயே கழிந்தது.

அவருடைய கருத்து சின்னதுதான். அடிக்கடி நடப்பதைத்தான் மனிதர்கள் கணக்கில் எடுக்கிறார்கள், ஆனால் வாழ்க்கையைத் திருப்பிப் போடுவதெல்லாம் எப்போதோ ஒருமுறை நடப்பதுதான். இந்த இரண்டு வரியைச் சொல்ல அவருக்கு முதலாம் அத்தியாயம் முழுதும் தேவைப்பட்டது. முதலாம் அத்தியாயத்தைப் பதினொரு தடவை எழுதினார். தமிழில்தான் எழுதுவது என்று பிடிவாதமாக இருந்ததால், ஆங்கிலச் சொற்களுக்குப் பொருத்தமான தமிழ்ச் சொல் தேடுவதிலேயே இரண்டு வருடம் போயிற்று. ஏழு சொற்களை உண்டாக்கி ஏழையும் தள்ளிவிட்டார். உதாரணத்துக்குத் தன் கல்யாணத்தையே எடுத்துக்கொண்டார். தரகர் சாவகச்சேரியில் ஒழுங்கை மாறி வந்து வேறு வீட்டுப் படலையைத் தட்டியதால்தான் கமலாதேவியைத் தான் கட்ட நேர்ந்தது என்று எழுதி அவளுக்கு வாசித்தும் காட்டினார்.

"இது அரிதான நிகழ்ச்சியெண்டு ஆர் சொன்னது?" என்றாள் அவள். "அந்தத் தரகர் ஒருநாளும் சரியான வீட்டைத் தட்டினதில்லை."

ஆபத்தைப் பற்றி இவ்வளவு யோசித்த மனிதர் ஆபத்தோடு எப்படிப் பழகினார் என்றால், பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பண்டாரவளைக்கு பஸ்ஸில் போனால் மலைப்பக்கத்து இருக்கையில்தான் உட்காருவார், பள்ளத்துப் பக்கம் உட்காரமாட்டார். "பஸ் விழுந்தால் அரைவாசி பஸ் மட்டுமோ விழும்?" என்று கமலாதேவி கேட்டாள். ஆனாலும் அவர் இடம் மாறி உட்காரவில்லை. வீடு தீப்பிடிக்கக்கூடும் என்ற நிகழ்ச்சிக்கு ஆராய்ச்சியின் இருபத்து மூன்றாம் பக்கத்தில் இடம் உண்டு. ஆகவே கையெழுத்துப் பிரதியை வீட்டில் விட்டுவிட்டு எங்கும் போவதில்லை. ஒரு தகரப் பெட்டியில் போட்டுக் கையோடு கொண்டு திரிந்தார்.

1951இல் பதுளைக் கடைத்தெருவில், ஹுமைத் நானாவின் தாள் கடையில், கோடு போட்ட பெரிய கொப்பி ஒன்றுக்காக இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். ஒருவர் மாஸ்டர். மற்றவர் பசறை வீதியில் இருந்த கருங்காலி என்ற தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர் யேசுரத்தினம்.

"உங்களுக்கு என்னத்துக்கு?" என்று மாஸ்டர் கேட்டார்.

"மழைப் புத்தகம் முடிஞ்சு போச்சுங்க. புதுசு போடணும்."

தோட்டத்தில் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலையில் அதன் போத்தலை எடுத்து, முந்திய நாள் மழையை அளந்து, அங்குலக் கணக்கில் எழுதி வைப்பது கிளாக்கர் வேலை. யேசுரத்தினத்துக்கு முன் அவருடைய தகப்பனார் எழுதினார். 1911 முதல் ஒரு நாள் விடாமல் நாற்பது வருடத்து மழை அந்தப் புத்தகத்தில் இருந்தது. அதைக் கேட்டதும் மாஸ்டர் கொப்பியை விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறே தோட்டத்துக்குப் போனார்.

மழைப் புத்தகம் அவருக்கு வேதப் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. நாற்பது வருடத்தில் ஒரே நாளில் பெய்த மிகப் பெரிய மழை ஒன்பதேகால் அங்குலம். அது 1930இல். அதை வைத்துக்கொண்டு, பத்து அங்குலத்துக்குத் தாங்கும்படி தோட்டத்தில் வடிகான் வெட்டியிருந்தார்கள். இதற்கு மேல் பெய்யாது என்பது தோட்டத்தை நடத்தும் துரையின் முடிவு.

"கிளாக்கர், இதைப் பாருங்கோ" என்றார் மாஸ்டர். "1918இலை ஒருத்தன் இந்தப் புத்தகத்தைத் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான்? நாலரைக்கு மேலை பெய்யாது எண்டிருப்பான். அடுத்த வருசமே ஆறு பெய்துது. 1929இலை திறந்தவன் ஆறுக்கு மேலை பெய்யாது எண்டிருப்பான். அடுத்த வருசம் ஒன்பதேகால். இண்டைக்கு நாங்கள் ஒன்பதேகாலுக்கு மேலை பெய்யாது எண்டுறம். புத்தகத்திலை இல்லாததை நடக்காது எண்டு நினைக்கிறது, எழுதின ஆளிட்டை மை முடிஞ்சுதெண்டால் மழையும் முடிஞ்சுதெண்டு நினைக்கிற மாதிரி."

யேசுரத்தினம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். பிரஜாவுரிமை கேட்டு அவர் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம் அது.

"எங்க அப்பா இங்கதான் பொறந்தாரு. பதிவு இல்லை. தாத்தா திருச்சிப் பக்கத்துல இருந்து வந்தவரு, அதுக்கும் பதிவு இல்லை. நாப்பது வருசம் மழையப் பதிஞ்சு வச்ச குடும்பம், ஆளுகளப் பதிய மறந்துட்டோம். பிறந்த ஊர்லயே ஒரு நாளு எந்திரிச்சா ஊரில்லாதவனா ஆகிப்போவேன்னு நான் நெனக்கவே இல்லை. இதுக்கு உங்க கணக்குல எத்தனையில ஒண்ணுங்க மாஸ்டர்?"

மாஸ்டர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.  தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும், வகுப்பில் அவருடைய குத்தி மேலே போனதும் ஒரே வருடம்தான். குத்தியைப் பற்றி நூறு பக்கம் எழுதியிருந்தார். சட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு அது பத்திரிகையில் வந்த ஒரு செய்தியாக மட்டும் இருந்தது.

"எனக்குத் தெரியாது, கிளாக்கர்" என்றார். அவர் வாழ்க்கையில் அந்த வாக்கியத்தைச் சொன்ன முதல் தடவை அதுதான். பிறகு அது அவருக்கு நன்றாகப் பழகிப்போயிற்று.

பழைய மழைப் புத்தகத்தை இரவலாக வீட்டுக்குக் கொண்டுபோய், துரைக்குப் பதினான்கு பக்கத்தில் கடிதம் எழுதினார். பதில் இரண்டு வரியில் வந்தது. முதல் வரியில் நன்றி. இரண்டாவது வரியில், மழைப் புத்தகத்தைத் தயவுசெய்து திருப்பித் தரவும்.

அதோடு விட்டிருக்கலாம். மாஸ்டர் விடவில்லை. ஞாயிறு தோறும் குடையும் கையுமாகத் தோட்டத்தை நடந்து அளந்தார். சிவப்புப் பென்சிலாலும் பச்சைப் பென்சிலாலும் ஒரு வரைபடம் கீறினார். தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடுகளில், ஐந்தாம் நம்பர் லயத்துக்கு மேலே சரிவு செங்குத்தாக நின்றது, நடுவில் ஒரு வெடிப்பும் ஓடியது. அதற்குச் சிவப்பு. தோட்டப் பள்ளிக்கூடக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த சரிவில் புல் முளைத்து, ஆடு மேயும்படி சாதுவாகக் கிடந்தது. தோட்டத்திலேயே பாதுகாப்பான இடம் அதுதான் என்று பச்சை அடித்தார்.

1954 நவம்பரில் ஒரு ஞாயிறு. மூன்று நாளாக மழை. துரை கொழும்புக்குப் போயிருந்தார். மாஸ்டர் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, சிவப்புச் சரிவைப் பார்த்து, வெடிப்பு இரண்டு விரல் அகலம் கூடியிருப்பதைக் கண்டு, கிளாக்கர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"இண்டைக்கு இரண்டு மணிக்கு முன்னம் சரியும்" என்றார்.

இரண்டு மணி எங்கிருந்து வந்தது என்று பின்னால் அவர் பல தடவை தன்னையே கேட்டிருக்கிறார். அந்த நேரம் கணக்கில் வரவில்லை, வாயில்தான் வந்தது. ஒரு நேரம் சொன்னால் சனம் நம்பும் என்று தோன்றியிருக்கலாம். ஐந்தாம் நம்பர் லயத்தில் இருபத்திரண்டு குடும்பம். எல்லோரும் பாயையும் சட்டியையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு, மழையில் நனைந்து, பள்ளிக்கூடக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றார்.

ஒன்றரைக்கு வெயில் அடித்தது. சும்மா வெயில் இல்லை, துணி காயப்போடலாம் என்கிற வெயில். சரிவு இருந்த இடத்தில் இருந்தது.  உள்ளேயிருந்து பெரியாயி என்ற கிழவி எட்டிப் பார்த்து, "மாஸ்டர், ரெண்டு மணி ஆகிருச்சுங்களா?" என்று கேட்டாள். மருந்து குடிக்கிற நேரத்துக்காகத்தான் கேட்டாள். ஆனால் அதோடு கொட்டகையே சிரித்தது.

ஆள் இல்லாத லயத்தில் நாய்கள் புகுந்து ஆறு கோழிகளைக் கொண்டுபோயிருந்தன. கிளாக்கருக்குத் துரையிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மாஸ்டருக்கு 'சரியுது மாஸ்டர்' என்ற பெயர் வந்தது. அடுத்த வாரம் பதுளையில் வகுப்புக்குள் நுழையும்போது யாரோ மெல்ல "சரியுது" என்றது கேட்டது. பெயர் அவரைவிட முந்திய பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தது.

அன்று கொட்டகையில் சிரிக்காமல் இருந்தவள் இருதயம்மா ஒருத்திதான். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தைத் தோட்டத்தில் புள்ளக்காம்பரா என்பார்கள். அதற்கு அவள்தான் ஆயா. முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் சின்ன மரச் சிலுவை. புள்ளக்காம்பராவும் அந்தச் சிவப்புச் சரிவுக்குக் கீழேதான் இருந்தது. எல்லோரும் திரும்பிப் போகிறபோது இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அடுத்த தடவ எப்பங்க சொல்லுவீங்க?"

மாஸ்டருக்கு அது பரிகாசம் போலத்தான் பட்டது. "இனி நான் சொல்லமாட்டன், அம்மா. நிச்சயமாத் தெரிஞ்சால் மட்டும்தான் சொல்லுவன்."

"நிச்சயமாத் தெரிஞ்ச பொறகு நீங்க எதுக்குங்க சொல்லணும்? அப்ப எங்களுக்கே தெரிஞ்சு போயிருமே."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தோளில் இருந்தது அழத் தொடங்கியிருந்தது.

மாஸ்டர் அதை ஆராய்ச்சியில் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்தார். அதற்கு மேலே அறுபது பக்கத்துக்குப் பொய் எச்சரிக்கை பற்றிப் புதிய அத்தியாயம் ஒன்று எழுதினார். எச்சரிக்கிறவன் தவறினால் அவன் பேச்சுக்கு மதிப்புப் போய்விடும், ஆகவே நன்றாக உறுதிப்படுத்திய பிறகே வாய் திறக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த அத்தியாயத்தில் வரும் கணக்குகள் எல்லாம் சரி. ஆனால் அறுபது பக்கத்திலும் அவர் காப்பாற்ற முயன்றது தன் பெயரை மட்டுமே. அது அவருக்கு அப்போது தெரியவில்லை.

1957 டிசம்பரில் பள்ளிக்கூடம் விடுமுறை. கமலாதேவி முன்னதாகவே சாவகச்சேரிக்குப் போய்விட்டாள். மாஸ்டரும் போகவேண்டும். ஆனால் கடைசி அத்தியாயத்துக்கு அந்த வருடத்து மழை எண்கள் வேண்டியிருந்தன. இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு, பெட்டியோடு கருங்காலித் தோட்டத்துக்குப் போனார். பின்னேர பஸ் வரவில்லை. அடுத்த நாள் எந்த பஸ்ஸும் வரவில்லை. ரயிலும் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். துரை கிறிஸ்துமஸுக்கு நுவரெலியா போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். மாஸ்டர் யேசுரத்தினத்தின் வீட்டு முன்னறையில் தங்கினார்.

இருபத்து நான்காம் தேதி காலை யேசுரத்தினம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழைமானியைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"எவ்வளவு?" மாஸ்டர் பென்சிலோடு காத்திருந்தார்.

"தெரியலீங்க. போத்தல் நெறஞ்சு, சுத்தியிருக்கிற தகரமும் நெறஞ்சு, வழிஞ்சு போயிருச்சு."

"வழிஞ்சதெண்டால்? எத்தினை அங்குலம்?"

"வழிஞ்சதை எப்பிடிங்க அளக்கிறது?"

ஆறு வருடமாக மாஸ்டர் காத்திருந்த மழை அது. ஒன்பதேகாலைத் தாண்டிவிட்டது என்பது மட்டும் நிச்சயம். எவ்வளவு தாண்டியது என்பதை எழுத ஓர் எண் இல்லை. கிளாக்கர் பழக்கதோஷத்தில் புத்தகத்தைத் திறந்து தேதியை எழுதிவிட்டு, பேனையைப் பிடித்தபடி இருந்தார்.

"சொல்லிருவமா மாஸ்டர்? ஐந்தாம் நம்பர் ஆளுகள எழுப்பி விட்டுருவமா?"

மாஸ்டரின் காதுக்குள் கொட்டகைச் சிரிப்பு கேட்டது. "இன்னும் ஒரு மணித்தியாலம் பாப்பம். நான் ஒருக்காக் கணக்குப் பாக்கிறன்."

கணக்குப் போட்டார். அந்த நேரம் முன்னறைக் கூரை ஒழுகத் தொடங்கியது. பெட்டியில் ஒன்பது வருட உழைப்பு இருந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தார். தோட்டத்திலேயே பாதுகாப்பான இடம் பள்ளிக்கூடக் கொட்டகை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் போய், கொட்டகையின் மூலையில், இரண்டு வாங்குகளை அடுக்கி அதன் மேல் வைத்துவிட்டு வந்தார். ஆட்களை எழுப்ப ஒரு மணித்தியாலம் யோசிக்க வேண்டும் என்றவர் பெட்டியை நகர்த்த ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. இதைப் பிற்காலத்தில் அவர் சொல்லும்போது கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அந்த இடத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வாய்வரைக்கும்தான் வரும்.

திரும்பி வந்து மறுபடி கணக்குப் போட்டார். வேறு விடை வந்தது. மூன்றாம் தடவை இன்னொரு விடை. மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்வது விளங்கியது. நாற்காலியில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று மூன்று விதமாக எழுதி வைத்திருந்தார்.  குடையைக்கூட எடுக்காமல் எழுந்து ஓடினார்.

ஐந்தாம் நம்பர் லயத்தின் முதல் கதவைத் தட்டினார். பூட்டியிருந்தது. இரண்டாவதும் பூட்டு. "சரியுது, வெளிக்கிடுங்கோ" என்று கத்திக்கொண்டே இருபத்திரண்டு கதவையும் தட்டினார். ஒரு மனிதர் இல்லை. நாய் இல்லை, கோழி இல்லை. ஒரு கணம், சரிவு ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது, தான்தான் கவனிக்கவில்லை என்றுகூட நினைத்தார். அண்ணாந்து பார்த்தார். சிவப்புச் சரிவு நின்றுகொண்டுதான் இருந்தது.

தேயிலை அரைக்கும் ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அதன் புகைபோக்கியிலிருந்து புகை வந்தது. அன்றைக்கு வேலை இல்லை, புகை எதற்கு என்று அந்தப் பக்கம் ஓடினார். வாசலில் நின்று, மூச்சு வாங்க, இருந்த பலத்தை எல்லாம் கூட்டி மறுபடி கத்தினார்: "சரியுது."

உள்ளே இருநூறு பேர் அளவில் இருந்தார்கள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். மூன்று வருடத்துக்கு முந்திய சிரிப்பில் இருந்த காரம் அதில் இல்லை. வீட்டு ஆள் ஒருவர் தன் வழக்கமான பல்லவியோடு வந்து சேர்ந்துவிட்டார் என்பது போன்ற சிரிப்பு. ஐந்தாம் நம்பர் மட்டுமல்ல, மூன்றாம் நம்பர், நாலாம் நம்பர் ஆட்களும் இருந்தார்கள். கோழிகள் கூடையில் இருந்தன. நடுவில் பெரிய அண்டாவில் கஞ்சி. இருதயம்மா அகப்பையோடு நின்றாள்.

"நனைஞ்சு போயிட்டீங்களே மாஸ்டர்" என்று ஒரு தகரக் கோப்பையில் கஞ்சி ஊற்றி நீட்டினாள்.

"நீங்கள் எப்ப வந்தனீங்கள்? ஆர் சொன்னது?"

"விடியக்காலம் வந்தோம். யாரும் சொல்லலீங்க. கடுமையா மழை பெஞ்சா புள்ளைகளுக்கு இங்கதான் கஞ்சி."

"எப்ப தொடக்கம்?"

"நீங்க அன்னிக்குச் சொன்னதுல இருந்துதாங்க. ஸ்டோர் கல்லுக் கட்டடம், மேட்டுல இருக்கு, அடுப்பும் இருக்கு. புள்ளைகளத் தூக்கிட்டு வந்தா ஆத்தாமாரு வருவாங்க. அவங்க வந்தா ஆம்பளைக வருவாங்க. சரியும்னு சொன்னா சிரிப்பாங்க. கஞ்சின்னா வருவாங்க. கிளாக்கர் ஐயாவுக்குத் தெரியவிடலீங்க, தெரிஞ்சா துரை மறுபடி அவருக்குத்தான் கடிதம் எழுதுவாரு."

"இதுக்கு முன்னம் எத்தினை தரம் வந்திருக்கிறியள்?"

"இதோட பதினாலு."

"பதின்மூண்டு தரமும் ஒண்டும் நடக்கேல்லை."

"இல்லீங்க. கஞ்சி குடிச்சிட்டுத் திரும்பிப் போனோம். அதுல என்ன நட்டம்?"

மாஸ்டர் கோப்பையைக் கையில் வைத்தபடி நின்றார். எப்போது வரும் என்ற கேள்விக்கு முந்நூறு பக்கம் எழுதியிருந்தார். வராவிட்டால் என்ன குறைந்துபோகும் என்ற கேள்வி ஒரு பக்கத்திலும் இல்லை. அது எப்போது வரும் என்று அவளுக்கும் தெரியாது. தெரியாமலே செய்யக்கூடிய ஒன்றை அவள் செய்துகொண்டிருந்தாள்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று அவர் சொல் தேடிக்கொண்டிருந்தபோது, பெரிய லொறி ஒன்று கல் கொட்டுவது போல் சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை. தரை கால் வழியாக நடுங்கியது. அண்டாவில் கஞ்சி அலை அடித்தது. எல்லோரும் மாடி ஜன்னலுக்கு ஓடினார்கள்.

சிவப்புச் சரிவு அப்படியே இருந்தது. பச்சைச் சரிவு இறங்கியிருந்தது. ஆடு மேய்ந்த அந்தச் சாதுவான புல்மேடு, பாயை இழுத்தது போல் மொத்தமாக நழுவி வந்து, பள்ளிக்கூடக் கொட்டகை இருந்த இடத்தில் கிடந்தது. கொட்டகை இல்லை. சேற்றுக்கு நடுவில் ஒரு கொய்யா மரம் மட்டும், முளைத்த இடத்திலிருந்து நூறு முழம் தள்ளி, நிமிர்ந்து நின்றது.

மாஸ்டர் ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். மூன்று வருடத்துக்கு முன் இருபத்திரண்டு குடும்பத்தை நான்கு மணித்தியாலம் அவர் நிறுத்தி வைத்த இடம் அது. இன்று காலை கிளாக்கர் கேட்டவுடன் சரி என்று சொல்லியிருந்தால், லயத்தில் ஆட்கள் இருந்திருந்தால், அவர்களை எங்கே அனுப்பியிருப்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வரைபடம் சட்டைப்பையில்தான் இருந்தது.

"உங்க பொட்டி எங்கங்க?" என்று இருதயம்மா கேட்டாள். அந்தப் பெட்டி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். "புள்ளைக எல்லாம் இங்க இருக்கு" என்றாள். பிறகு கஞ்சி ஊற்றப் போய்விட்டாள்.

நடந்ததைவிட நடந்த பிறகு வந்தது மாஸ்டருக்குப் பெரிய சோதனை. தோட்டத்தில் மண் சரிந்தது, ஓர் உயிரும் போகவில்லை, சரியும் என்று வருடக்கணக்காக ஒரு மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மூன்றையும் கோத்து ஒரு பத்திரிகை செய்தி போட்டது. பள்ளிக்கூடத்தில் மாலை போட்டார்கள். மாஸ்டர் எழுந்து, தான் சொன்ன சரிவு வேறு, சொன்ன வருடம் வேறு, தான் காட்டிய புகலிடம்தான் புதைந்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். சபை பலமாகக் கைதட்டியது. இவ்வளவு பெரிய மனிதருக்கு எவ்வளவு அடக்கம் என்று பள்ளி அதிபர் நன்றியுரையில் சொன்னார். கடுமழையில் பிள்ளைகளை ஸ்டோருக்குக் கொண்டுபோகவேண்டும் என்று துரை ஓர் அறிவித்தலை எழுதி, பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில், ஒட்டச் சொன்னார். அதன் தலைப்பு 'தர்மராசா முறை'. மாஸ்டர் போய், அது இருதயம்மாவின் முறை என்று மன்றாடினார். துரை புன்னகை செய்து, அதைத் தன் அலுவலகக் கோவையில் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். அறிவித்தலை யாரும் மாற்றவில்லை.

"ஒருநாளும் பொய் சொல்லாத மனுசன்" என்றாள் கமலாதேவி, "உண்மையைச் சொல்லியே இப்பிடிப் பேர் வாங்கினதுதான் உங்கடை ஆராய்ச்சியிலை சேர்க்கவேண்டிய அரிய நிகழ்ச்சி."

முந்நூறு பக்கத்தையும் நினைவிலிருந்து திருப்பி எழுத உட்கார்ந்தார். முதலில் அழுகை வந்தது. பிறகு ஒரு வினோதம் தெரிந்தது. எவ்வளவு முயன்றாலும் பதினேழு பக்கத்துக்கு மேல் நினைவு வரவில்லை. மறந்துபோனதில் எது முக்கியம் என்று யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. 1961இல் பதுளையில் ஒரு சின்ன அச்சகத்தில் அந்தப் பதினேழு பக்கம் புத்தகமாக வந்தது. வாங்கியவர்களில் பாதிப் பேர் அதில் அடுத்த மண்சரிவின் தேதி இருக்கும் என்று நினைத்து வாங்கியவர்கள்.

இருதயம்மாவுக்கு ஒரு பிரதி கொடுப்பதற்காக அந்த வருடம் ஒக்டோபரில் தோட்டத்துக்குப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அவர் புள்ளக்காம்பராவை அடைந்தபோது அவள் பிள்ளைகளைச் சாக்குக்குள் சுற்றிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை வாங்கி இரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, ஒரு பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். "பிடிங்க மாஸ்டர். தலையத் தாங்கிப் பிடிங்க."

ஸ்டோரில் மூன்று மணித்தியாலம் இருந்தார்கள். கஞ்சியில் அன்று கருப்பட்டி போட்டிருந்தாள். புதிதாகக் கல்யாணம் முடித்து வந்த ஒரு பெண், சும்மா சும்மா இதென்ன அலைச்சல் என்று முணுமுணுத்தாள். மாஸ்டர் விளக்கம் சொல்ல வாயெடுத்து, இருதயம்மா அவளுக்கு இன்னொரு அகப்பை ஊற்றுவதைப் பார்த்து, பேசாமல் இருந்துவிட்டார்.

"இப்ப எத்தினையாவது தரம்?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"எண்ணுறத விட்டுட்டேங்க."

மழை விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. ஆட்கள் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். மடியில் இருந்த பிள்ளை, மாஸ்டரின் சட்டைப்பையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி வாயில் வைத்தது. அவர் அதை எடுத்து, கூர்முனை வெளியே இருக்கும்படி திருப்பி, மறுபடி அதன் கையில் கொடுத்தார்.